பெட்டியில் நான்கு பேட்டரிகள்

வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லியிருக்கலாம்.

"ரெனா, இந்தப் பொடிப் பொடி பேட்டரியெல்லாம் பிள்ளைங்க கையில எதுக்கு? நீயே ஒரு விளக்கு செஞ்சு காட்டு. போதும்" என்றேன்.

"எல்லாத்தையும் நாமளே செஞ்சு காட்டினா அவங்க என்ன கத்துக்குவாங்க, காலா? அவங்க கையால ஏத்தணும். அப்பதான் அது அவங்க விளக்கு."

அவள் சொன்னது தப்பில்லை. செயின்ட் லூயிஸ் பார்க்கில் யூத ஜெப ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் பாலர் பள்ளியில் எல்லாமே அப்படித்தான். வெள்ளிக்கிழமை வந்தால் பிள்ளைகளே ஓய்வுநாள் ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். பாதி மாவு மூக்கிலும் முடியிலும் இருக்கும். ஹீப்ரு எழுத்துகளை மணல் தட்டில் விரலால் இழுப்பார்கள். அக்டோபரில் கூடாரப் பண்டிகைக்கு வாசலில் கூடாரம் கட்டியபோது, மேலே சோளத்தட்டை போட்டதும் அவர்கள்தான், அது சரிந்து விழுந்ததும் அவர்கள் தலையில்தான். ரெனா செல்கின் இந்தப் பள்ளிக்கு வந்து நான்கு வருடம். வயது முப்பத்திரண்டு. நாலு வயசு வகுப்புக்கு அவள் ஆசிரியை, நான் உதவியாளர். என் பெயர் கலினா. ஒதெசாவில் பிறந்து, ஹைஃபாவில் ஆறு வருடம் இருந்து, இந்தப் பனி ஊருக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. பிள்ளைகளுக்கு நான் காலா.

அது விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வகுப்பில் பதினான்கு பேர். காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு அட்டை விளக்கு செய்தார்கள். அட்டையில் செப்புப் பட்டையை ஒட்டி, சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரி ஒன்றை உள்ளே வைத்து மடித்து நாடா போட்டால், உச்சியில் ஒரு பொட்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்தபோது அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். நானும் என் பேச்சை மறந்து கை தட்டினேன்.

அதன்பின் பண்டிகைக் கதையை நடிக்கும் விளையாட்டு. மரக்கட்டைகளை அடுக்கி ஒரு ஆலயம் கட்டி, அதை ராஜாவின் வீரர்கள் வந்து இடித்துத் தள்ளுவார்கள். பிறகு ஆலயத்தை மீட்கும் மக்கபேயர்கள் வந்து சின்னத் துடைப்பங்களால் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். ரெனா இடிபாடுகளுக்கு அடியில் வெள்ளித்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை ஒளித்து வைத்திருந்தாள். தேடிக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது. கண்டுபிடித்ததும் தாளை உரித்து வாயில் போட வேண்டியதுதான். பதினான்கு பேரும் கம்பளத்தில் தவழ்ந்து கட்டைகளைப் புரட்டினார்கள். ஒரே கூச்சல்.

பத்தேகாலுக்குக் கூச்சல் அடங்கி, பிள்ளைகள் பொம்மைச் சமையலறைக்கும் மணல் தொட்டிக்கும் பிரிந்து போனார்கள். நான் துடைப்பங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ரெனா கம்பளத்தில் முழங்கால் போட்டு, அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைகள் அளைந்து விளையாடும் அரிசித் தொட்டியைக் கிளறினாள். குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தாள்.

"எவனும் இன்னும் போட்டுவிடாத மோதிரத்தையா தேடுற?" என்று கேட்டேன். இப்படி நான் கேலி செய்தால் வழக்கமாக அவள் என் கணவனின் குறட்டையைப் பற்றி ஏதாவது சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். அன்று சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

"காலா, பெட்டியில நாலுதான் இருக்கு."

"என்ன நாலு?"

"இருபது வாங்கினேன். பசங்களுக்குப் பதினாலு, மாதிரிக்கு ஒண்ணு. அஞ்சு மிச்சம் இருக்கணும். மேஜை ஓரத்துல திறந்த பெட்டியில வச்சிருந்தேன். நாலுதான் இருக்கு."

"எப்ப பார்த்த?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது.

"ரெனா, எப்ப பார்த்த?"

"பத்து இருபதுக்கு. எங்கயாவது உருண்டு போயிருக்கும்னு நினைச்சேன். கிடைச்சிடும்னு நினைச்சேன்."

அந்த அறையில் அவ்வளவு நேரமும் வெள்ளியாக, வட்டமாக எது கிடைத்தாலும் அது சாக்லேட். அதைச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

ரெனா பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். மிச்சமிருந்த பேட்டரி ஒன்றை உயர்த்திக் காட்டினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"செல்லங்களா, இந்த மாதிரி வெள்ளியா, வட்டமா ஒண்ணை யாராவது வாயில போட்டீங்களா? யாரும் திட்ட மாட்டாங்க."

ஐந்து கைகள் உயர்ந்தன. அவர்கள் எல்லோருமே வெள்ளியாக, வட்டமாக ஒன்றை வாயில் போட்டவர்கள்தானே.

"சாக்லேட் இல்ல. இது. கெட்டியா இருக்குமே, இது."

நான்கு கைகள் இறங்கின. போவஸின் கை மட்டும் நின்றது. அந்த வருடம் மட்டும் அவன் களிமண், மெழுகுக் கிரேயான், எங்கள் ஆலயக் குருவின் சட்டைப் பித்தான் ஆகியவற்றைத் தின்றிருந்தான்.

"நான் சாப்பிட்டேன் மோரா. ரெண்டு" என்றான்.

பிள்ளைகள் ஆசிரியையை மோரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நிஜமாவா போவஸ்?"

"ம். நல்லா இருந்துச்சு."

நாங்கள் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டோம். அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற பதின்மூன்று பேரில் ஒருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பள்ளித் தலைவி ஷூலா ஓடி வந்தாள். ஒருபுறம் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். மறுபுறம் நான் விஷமுறிவு உதவி எண்ணுக்குப் பேசினேன். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். அந்த நிதானமே என்னை நடுங்க வைத்தது.

"வாந்தி எடுக்க வைக்காதீங்க. தேன் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு." யூதப் புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தொட்டுச் சாப்பிட வாங்கிய ஜாடி இன்னும் அலமாரியில் இருந்தது.

"ரெண்டு டீஸ்பூன் குடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆனா அதுக்காக ஆஸ்பத்திரி போறதை ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாதீங்க. பேட்டரி உணவுக்குழாயில மாட்டிக்கிச்சுன்னா எச்சில் பட்டு அந்த இடத்தைச் சுட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு மணி நேரத்துல நிறையச் சேதம் ஆகிடும்."

போவஸ் தேனை நக்கி விழுங்கிவிட்டு, "இன்னும்" என்று கையை நீட்டினான். அவ்வளவு சுலபமாக விழுங்குகிற தொண்டையில் ஒன்றும் சிக்கியிருக்க முடியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ரெனா கோட்டு போடாமலேயே பனியில் ஓடி அவனோடு ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கு சுழல்வதை மற்ற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். போவஸ் உள்ளிருந்து ராஜா மாதிரி கையசைத்தான்.

ஷூலா அவன் அம்மாவுக்குப் போன் பேச அலுவலக அறைக்குப் போனாள். பக்கத்து வகுப்பு உதவியாளர் ஒருத்தி எனக்குத் துணையாக வந்தாள். நான் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைத்தேன். பண்டிகை என்பதால் அன்று உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ். கை தன்பாட்டுக்குப் பரிமாறியது. மனமெல்லாம் ஆம்புலன்சில் இருந்தது.

ஓர்லி தட்டைத் தள்ளி வைத்தாள். ஆகஸ்ட் மாதம்தான் ஹைஃபாவிலிருந்து வந்த குடும்பம். அவளுக்கு ஆங்கிலம் இன்னும் முழுதாக வரவில்லை. வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். மணல் தட்டில் எழுத்து எழுதும்போது மட்டும் எல்லோருக்கும் முன்னால் அவள் விரல் ஓடும். தட்டைத் தள்ளியதைப் பார்த்தேன். வீட்டு நினைப்பு வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்போது மணி பதினொன்று பத்து.

பதினொன்று முப்பத்தைந்துக்கு என் போன் அடித்தது. ரெனா.

"காலா, எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

"கடவுளே, நல்லதாப் போச்சு."

"நல்லது இல்ல காலா." அவள் மூச்சு உடைந்து உடைந்து வந்தது. "போவஸ்கிட்ட இல்லன்னா வேற யார்கிட்டயோ இருக்கு. அங்கதான் இருக்கு, உங்ககூட. சாப்பிடாம இருக்கிறது யாரு? எச்சில் வடிக்கிறது யாரு? பாருங்க. போனை வைக்காதீங்க, பாருங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மேஜைகளைச் சுற்றிப் பதின்மூன்று முகங்கள். சிரிக்கிற முகம், கூழ் பூசிய முகம், தூங்கி வழிகிற முகம். ஒவ்வொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் ஓர்லியின் சட்டைக் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை, கழுத்தைச் சுற்றிக் கருத்து நனைந்திருந்தது. அவள் கீழுதட்டில் எச்சில் நூல் தொங்கியது. அவள் அதைப் புறங்கையால் துடைத்தாள். மறுபடி வழிந்தது.

நான் அவள் முன்னால் மண்டியிட்டு ஹீப்ருவில் கேட்டேன்.

"ஓர்லி கண்ணு, உனக்குக் காசு கிடைச்சுதா?"

தலையாட்டினாள்.

"எங்க அது?"

கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"தாள் உரியவே இல்ல" என்றாள், மிகச் சன்னமாக. "கடிக்கவும் முடியல. போவஸ் பிடுங்க வந்தான். முழுங்கிட்டேன்."

"ஏன்டா செல்லம் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க போவஸைத்தானே கேட்டீங்க."

போனில் ரெனா ஹீப்ருப் பேச்சு புரியாமல் "யாரு, யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னேன். அவள், "நான் வாசல்ல நிக்கிறேன், கொண்டு வாங்க" என்றாள்.

தேனை ஓர்லிக்குக் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தோள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு விழுங்கினாள். பாதி வெளியே வழிந்தது. "வலிக்குது காலா" என்றாள். "இன்னும் கொஞ்சம், ஒரே கொஞ்சம்" என்று நான் கெஞ்சினேன். இந்த முறை ஷூலா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது. பனி கனமாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஒன்பது நிமிடத்தில் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முதுகில் என் உள்ளங்கையை வைத்து, அந்தச் சின்ன உடம்புக்குள் ஏதோ எரிந்துகொண்டிருப்பதை என் கையால் உணர முடியும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

வண்டிக்குள் நான்தான் அவளோடு போனேன். சாலை வழுக்கியது, ஓட்டுநர் மெதுவாகத்தான் போனார். ஓர்லி அழவில்லை. அழுதால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டவள் போல் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாள். வழியெல்லாம் அவளுக்கு ஹீப்ருவில் பேசிக்கொண்டே போனேன். ஹைஃபாக் கடற்கரை, படிக்கட்டுகள், அவள் வீட்டுப் பூனையின் பெயர். பூனையின் பெயரை நான் தப்பாகச் சொன்னபோது திருத்தினாள். நான்கு எழுத்துப் பெயர். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினாள்.

மருத்துவமனை வாசலில் ரெனா ஜாக்கெட்டும் இல்லாமல் பனி படிந்த தலையோடு நின்றாள். எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால், விளிம்பில் இரட்டைக் கோடு போட்ட வெள்ளை வட்டம். மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றும் சொல்லாமலே நடக்கத் தொடங்கினார். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடியதுதான் எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

ஓர்லியின் அம்மா எஃப்ராத் பன்னிரண்டரைக்கு வந்தாள். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் வீட்டுச் செருப்பு. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. அறுவை அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றேகாலுக்கு மருத்துவர் வெளியே வந்தார்.

"பேட்டரியை எடுத்தாச்சு. ஆனா அது இருந்த இடம் வெந்து போயிருக்கு. அதுக்குப் பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் ஓடுது. புண் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். மூணு வாரம் தாண்டுற வரைக்கும் நான் உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்."

"மூணு வாரத்துல என்ன ஆகும்?" என்று எஃப்ராத் கேட்டாள்.

"ரத்தம் வந்தா உடனே கூப்பிடணும்" என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

ஷூலா மறுநாளே பள்ளிகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். விசாரணை முடியும் வரை ரெனா வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் வீட்டிலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் காலா. தனியாப் போகப் பயமா இருக்கு."

"அந்தம்மா உன்னை வெளிய போடின்னு சொன்னா?"

"போயிடறேன்."

எஃப்ராத் போகச் சொல்லவில்லை. ஓர்லி தூங்கிக்கொண்டிருந்தாள், மூக்கு வழியாக ஒரு குழாய். எஃப்ராத் நாற்காலியிலிருந்து எழாமல் ரெனாவைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"பத்து இருபது."

"எத்தனை மணிக்குப் போன் பண்ணீங்க?"

"பத்து நாற்பத்தஞ்சு."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

நான் இடையில் புகுந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். ரெனா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"தேடினேன். யார்கிட்டயும் சொல்லாம தேடினேன். கிடைச்சிட்டா யாருக்கும் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். பயந்துட்டேன்."

எஃப்ராத் என் பக்கம் திரும்பினாள். ஹீப்ருவில் கேட்டாள்.

"நீங்க?"

"பதினொன்னு பத்துக்கு அவ சாப்பிடாததைப் பார்த்தேன். வீட்டு நினைப்புன்னு விட்டுட்டேன்."

இயந்திரம் ஒன்று விட்டுவிட்டு ஒலித்தது. எஃப்ராத்தின் கண்களுக்குக் கீழே கருவளையம் கன்னம் வரை இறங்கியிருந்தது. பிறகு எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அஞ்சு நாளா கண்ணை மூடல. கீழ போய் முகம் கழுவிட்டு, ஏதாவது வயித்துல போட்டுட்டு வரேன். அவ இருமினா வாயைப் பாருங்க. சிவப்பா கொஞ்சம் தெரிஞ்சாலும் இந்த மணியை அழுத்துங்க." அவள் ரெனாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ரெனா ஓரடி பின்வாங்கினாள். "நானா? நர்ஸைக் கூப்பிடவா? காலா இருக்காங்களே."

"நர்ஸ் நாலு ரூமைப் பார்க்கிறாங்க. இந்தம்மா தூங்கிடுவாங்க." அது உண்மைதான், எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். "நீங்க கண்ணை எடுக்க மாட்டீங்க."

அவள் போனாள். ரெனா நாற்காலியில் உட்காரவில்லை. படுக்கையின் ஓரத்தில் குனிந்து நின்று, ஒரு கையில் மணியையும் மறு கையில் வெள்ளைத் துணியையும் பிடித்துக்கொண்டு ஓர்லியின் வாயையே பார்த்தாள். ஆறாவது நிமிடத்தில் குழந்தை இருமியது. ஒரு இருமல். ரெனா துணியை உதட்டில் ஒற்றி, விளக்கின் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். என்னிடம் காட்டினாள். எச்சில்தான். அடுத்த இருமலுக்கும் அப்படியே. எஃப்ராத் நாற்பது நிமிடம் கழித்து வந்தபோது, அந்தத் துணியில் ஐந்து இடம் நனைந்திருந்தது; ஒன்றும் சிவப்பில்லை. எஃப்ராத் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் இந்த நேரத்துக்கு வாங்க" என்றாள்.

ரெனா பதினாறு நாள் போனாள். மூன்றாம் வாரம் முடிந்த அன்று எடுத்த ஸ்கேனில் புண் உள்ளே போகவில்லை என்று சொன்னார்கள். வெந்த இடம் தழும்பாகிச் சுருங்கியதால், உணவுக்குழாயை இரண்டு தடவை விரித்துவிட வேண்டியிருந்தது. பள்ளிக்கு அபராதமும் எச்சரிக்கையும் கிடைத்தன. ரெனா திரும்பி வரலாம் என்று கடிதம் வந்தது. அவள் வரவில்லை. இப்போது ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சாவகாசமாகப் பேசும்போதுகூடப் பக்கத்தில் குழந்தை யாராவது இருமினால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்புகிறாள்.

ஓர்லி மார்ச் மாதம் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். அதற்குள் ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது, மருத்துவமனையில் கற்றுக்கொண்டதாம். அவளுக்கு மட்டும் தனியாக மசித்த காய்கறி சூப் வீட்டிலிருந்து வந்தது. நானும் என் சூப்போடு எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு கரண்டியாக எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் தொண்டை ஏறி இறங்கும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது கரண்டியில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன காலா அப்படிப் பாக்குற? உன் சூப் ஆறுது. குடி."

குடித்தேன். கண் மட்டும் அவள் கழுத்திலேயே இருந்தது.